மிதவையில் கட்டிய கயிறு

படகில் எனக்கு வைத்திருக்கிற பெயர் அவசரம். வலையைப் போட்டுவிட்டு ஒரு மணி நேரம் சும்மா உட்காரச் சொன்னால் எனக்குக் கை பரபரக்கும். கரையிலிருந்து மூன்று நாள் ஓட்டத்தில் வானிலைத் துறை ஒரு மஞ்சள் மிதவையை நங்கூரம் போட்டு நிறுத்தியிருக்கிறது. அதன் நிழலில் மீன் கூடும் என்பது ஆழ்கடல் போகிற எல்லோருக்கும் தெரியும். படகு கட்டாதீர்கள் என்று அதன் மேலேயே எழுதியிருப்பதும் தெரியும். இந்த வருடம் வேறு எங்கே போனாலும் தண்ணீர் வெதுவெதுவென்று இருந்தது, வலை வெறுமையாக வந்தது. அதனால் படகை மிதவையோடு கட்டினேன். காற்று திரும்பிய வேகத்தில் படகு ஒரு இழு இழுத்தது. கீழே ஏதோ அறுந்தது கைக்கே தெரிந்தது. கயிற்றை வெட்டிவிட்டு வந்துவிட்டேன். மீன் அறை நிறைந்திருந்தது, அதற்கு மேல் யோசிக்க எனக்கு எங்கே பொறுமை?

தங்கையைக் கடல் வாடையே எட்டாத ஊரில் ஒரு விவசாயிக்குக் கட்டிக் கொடுத்திருக்கிறோம். இரண்டு மாதம் கழித்து, விதைப்புக்கு முன்னால், அவள் போன் செய்தாள்.

"அண்ணே, நெல்லு போடலாமா, இல்ல சோளத்தைப் போட்டுட்டுப் பேசாம இருக்கலாமா? உன் மாப்பிள்ளை உன்னைக் கேக்கச் சொல்றாரு. நீதானே கடலே கதின்னு கிடக்கறவன்."

"என்னை எதுக்குக் கேக்கறே? வழக்கம்போல மழை உண்டுன்னு ரேடியோவுலயே சொல்லிட்டாங்க. தைரியமா நெல்லு போடு."

போட்டார்கள், ஐந்து ஏக்கரிலும். பயிர் முழங்கால் உயரம் வந்தபோது மழை நின்றது. நின்றது என்றால் ஒரேயடியாக நின்றது. கிணற்றில் வாளி தரை தட்டியது. பயிர் நின்ற இடத்திலேயே காய்ந்து வைக்கோலானது, கடைசியில் மாட்டை அதில் மேய விட்டார்கள். தங்கை போனில் வானத்தைத் திட்டினாள். நானும் சேர்ந்து திட்டினேன், அவளைவிட நன்றாகவே.

போன வாரம் துறைமுகத்தில் எங்கள் சங்கக் கட்டடத்தில் ஒரு கூட்டம். மிதவைகளைப் பழுது பார்க்கிற இன்ஜினியர் வந்திருந்தார். ஒல்லியான மனிதர், கடல் பயணம் ஒத்துக்கொள்ளாத முகம். மிதவைக்கு அடியில் தொங்குகிற கேபிளின் அறுந்த துண்டு ஒன்றை மேசை மேல் வைத்தார். அதைச் சுற்றி ஒரு நீலக் கயிறு இறுகிக் கிடந்தது. கயிற்றின் நுனி பிரியாமல் இருக்கச் சிவப்பு நூலால் தைத்திருந்தது. இந்தத் துறைமுகத்தில் அப்படித் தைக்கிறவன் நான் ஒருத்தன்தான்.

"யாருன்னு கேக்க வரல," என்றார் அவர். "இது எதுக்குத் தொங்குதுன்னு சொல்லத்தான் வந்தேன்."

சொன்னார். மேல் தண்ணீரின் சூடு நம் கைக்கே தெரியும், நூறு மீட்டர் ஆழத்துச் சூடு தெரியாது. சில வருடங்களுக்கு ஒருமுறை காற்று தளர்ந்துபோனால், கடலின் ஒரு பக்கம் குவிந்து கிடக்கிற சூடான தண்ணீர் அடியிலேயே மெல்ல நகர்ந்து மறுபக்கம் போய்விடும். மழை மேகமும் அதன் பின்னாலேயே போகும், இந்தப் பக்கம் காயும். நகர ஆரம்பிக்கும்போதே பிடித்துவிட்டால் விதைப்புக்கு முன்னால் ஊருக்குச் சொல்லலாம். அதைப் பிடிக்கத்தான் ஆழத்துச் சூட்டை அளக்கிற அந்தக் கேபிள்.

கூட்டம் கலைந்ததும் அவரை வாசலில் மடக்கினேன். "சார், கேபிள் அறுந்த பிறகு என்ன பண்ணீங்க?"

"அந்த இடத்துக்குப் பழைய வருஷங்களோட சராசரியைப் போட்டோம். காலியா விட முடியாதே."

"இந்தக் கயிறு இல்லாம இருந்தா மழை வராதுன்னு சொல்லியிருப்பீங்களா?"

"சொல்லியிருக்கலாம். சொல்லாமலும் போயிருக்கலாம். மத்த மிதவைங்க இருக்கு, சாட்டிலைட் இருக்கு. ஒரு மிதவையால இவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாதுங்க."

எனக்கு வந்ததே கோபம். தப்பு உன்னுடையது என்று சொல், இல்லையென்றால் போய் நிம்மதியாகத் தூங்கு என்று சொல். இரண்டும் சொல்லாமல் என்னை அந்தரத்தில் தொங்கவிட்டு அவர் காரில் ஏறிப் போய்விட்டார்.

மூன்று நாள் எனக்குள்ளேயே வாதாடினேன். மழையை நான் நிறுத்தவில்லை. கயிறு கட்டாவிட்டாலும் வானம் காய்ந்துதான் இருக்கும். ஆனால் மழை வராது என்று தங்கைக்குச் சொல்லியிருக்கக்கூடிய வாயை அடைத்தவன் நான். தெரிந்திருந்தால் சோளம் போட்டிருப்பாள், பாதி நிலத்தையாவது சும்மா விட்டிருப்பாள். ஜெயித்ததும் நான்தான், தோற்றதும் நான்தான். நான்காம் நாள் காலை போன் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சொன்னால் பாரம் இறங்கும் என்று நினைத்தேன்.

அந்தப் பக்கம் மாடு கத்துவது மட்டும் கேட்டது.

"உன் மாப்பிள்ளைகிட்டச் சொல்லிடாதே," என்றாள்.

"சொல்லணும்ல?"

"வேண்டாம். அவரு தினமும் வானத்தைத் திட்டிட்டுத்தான் சாப்பிட உக்காருறாரு. வானம் எங்கேயோ இருக்கு, அதுக்கு ஒண்ணுமில்ல. நீ நல்லது கெட்டதுக்கு இந்த வாசப்படி ஏறணும்."

"சரி, சொல்லல."

"எங்கிட்டயும் சொல்லாம இருந்திருக்கலாம்ணே. நீ இறக்கி வெச்சுட்டே. நான் இதை எங்க கொண்டுபோய் இறக்குவேன்?"

அவள் போனை வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை.