காளியம்மன் கோயில் திருக்கை வால்

கடலைக் கண்ணால் பார்க்காதவர்களே அதிகம் வாழும் அந்தத் தோட்டத்தில், கடல் மீன் ஒன்றின் வால் சாமியாக இருந்தது. இலங்கை மலையகத்தில் பூண்டுலோயாவுக்கு மேலே, பஸ் திரும்புகிற இடத்திலிருந்தும் இன்னும் ஏற வேண்டிய தேயிலைத் தோட்டம் அது. அங்குள்ள காளியம்மன் கோயிலில் அம்மனுக்கு வலப்பக்கம் ஓர் ஆணியில் அந்தத் திருக்கை வால் தொங்கும். அடிப்பக்கம் சிவப்புத் துணி சுற்றி, மஞ்சளும் குங்குமமும் அப்பி, எண்ணெய் குடித்துக் கறுத்துப்போயிருக்கும். பேய் பிடித்தவர்களை அதால் அடித்தால் எப்பேர்ப்பட்ட பேயும் ஓடிவிடும் என்பது ஊர் நம்பிக்கை. பேய் போவதற்கு முன்னால் ஆளே போய்ச் சேர்ந்த கதையும் உண்டு. அதை யாரும் சத்தமாகச் சொல்வதில்லை.

கிருஷாந்தி அந்தத் தோட்டத்துத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவள். இப்போது கண்டியில் ஓர் ஆய்வுகூடத்தில் இருக்கிறாள். என்ன வேலை என்று கேட்டால் அவளுக்கே சொல்லக் கூச்சம். திருக்கைகளை வகை பிரிக்கிற வேலை. கருவாட்டுக்கெல்லாமா படிப்பு இருக்கிறது என்று லயத்தில் சிரிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரித்துவிடுவாள்.

ஆனால் அது சிரிப்பாணி வேலை இல்லை. வெப்பக் கடல்களில் சாட்டை வால் கொண்ட திருக்கைக் கூட்டம் ஒன்று இருக்கிறது. அதில் ஒன்றைச் செங்கடலிலிருந்து ஜப்பான் வரைக்கும் ஒரே மீன் என்று நம்பி, நெடுங்காலம் ஒரே பெயரில் எழுதி வைத்திருந்தார்கள். பிறகு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் அது ஒன்றில்லை என்று தெரிந்தது. நம் பக்கத்துக் கடலுக்கு ஒன்று, மலாயாவுக்குக் கிழக்கே வேறொன்று. பார்வைக்கு இரண்டும் கூடப்பிறந்தவை மாதிரியே இருக்கும். முள் வரிசையிலும் வாலின் வளையங்களிலும்தான் வித்தியாசம் பிடிபடும். எது எந்தக் கடலுடையது, அதன் எல்லை எங்கே முடிகிறது என்று கண்டுபிடிப்பதில் கிருஷாந்தி கெட்டிக்காரி.

அவளுடைய அத்தான், அக்காவின் கணவன் விஜிதரன், ஒரு நாள் போனில் கூப்பிட்டான்.

"அக்காவுக்குப் பேய் புடிச்சிருக்கு, கிருஷா. ஏழாம் நம்பர் மலையில கொழுந்து எடுக்கப் போன எடத்துல விழுந்துட்டா. அன்னையிலருந்து வேற யாரோ மாதிரி பேசுறா. வெள்ளிக்கிழம பூசாரி வால எடுக்கப் போறாரு. ஒனக்கும் ஒரு வார்த்த சொல்லணும்ல."

அவன் குரல் எப்போதும் போலப் பதமாக இருந்தது. அப்பாவும் அம்மாவும் போன பிறகு கிருஷாந்திக்கென்று இருந்தது அக்கா பிரியந்தி ஒருத்திதான். மழையில் நனைந்து கொழுந்து பறித்து அவளைப் படிக்கவைத்தவள். அந்த உடம்பில் அந்த வால் விழுவதா? அவள் லீவு போட்டுவிட்டு அன்றைக்கே பஸ் ஏறினாள்.

வந்து பார்த்தபோது பிரியந்தி கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். தங்கச்சியைப் பார்த்துச் சிரித்தாள், தலையைத் தடவினாள், சாப்பிட்டாயா என்று கேட்டாள். எல்லாம் அக்காதான். சும்மா ஊர் புரளி கிளப்புகிறது என்று கிருஷாந்தி நினைத்துக்கொண்டாள்.

மத்தியானம் மலையிலிருந்து பனி இறங்கி லயத்து வாசலை மூடியது. பிரியந்தியின் கழுத்து விறைத்தது. அவள் வாயிலிருந்து வேறொரு குரல் வந்தது. கிழிந்த குரல். பல காலம் பேசாமல் இருந்து இப்போதுதான் பேசுகிறவளின் குரல்.

"நான் மீனம்மா. கோயில்ல தொங்குதே, அந்த வாலு எனக்குத் தெரியும். தொரைமாரு காலத்துல, ஆளு கணக்கெடுக்குற பெரட்டுக் களத்துல எல்லாரும் பாக்க, அதாலதான் பெரிய கங்காணி என் முதுகு தோல உரிச்சான். செவப்புத் துணியெல்லாம் இப்ப சுத்துனது. உள்ள தோலு வளையம் இருக்கு. கையில மாட்டிக்கிட்டு அடிப்பான், நழுவாம இருக்க."

படித்தவள் பயப்படக் கூடாது என்று யார் சொன்னது? கிருஷாந்தி நன்றாகவே பயந்தாள். பனி விலகியதும் பிரியந்தி எதுவும் நடக்காதது போலத் தண்ணீர் கேட்டாள்.

"நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவோம் அத்தான்," என்றாள் கிருஷாந்தி.

"ஆஸ்பத்திரியில பேய்க்கா மருந்து குடுக்குறாங்க?" விஜிதரன் கோபப்படவில்லை. தேத்தண்ணிக் கோப்பையை அவளிடம் நீட்டினான். "வெள்ளிக்கிழம முடியட்டும். அப்பறம் நீ சொல்ற மாதிரி செய்வோம்."

லயத்தில் அவனுக்கு நல்ல பெயர். சொந்தமாக ஆட்டோ ஓட்டுகிறான், குடிப்பதில்லை, பெரியவர்களைக் கண்டால் எழுந்து நிற்பான். பிரியந்தி கொடுத்துவைத்தவள் என்று பெண்கள் பேசிக்கொள்வார்கள். கிருஷாந்தியும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் கோயில் வாசலில் பாதித் தோட்டம் கூடியிருந்தது. பிரியந்தியின் தலைமுடியை அவிழ்த்துவிட்டு மண்ணில் உட்காரவைத்திருந்தார்கள். விஜிதரன் குனிந்து கற்பூரம் ஏற்றினான். பூசாரி செல்லசாமி கெட்ட மனிதர் இல்லை. ஃபாக்டரியில் காவல் வேலை பார்ப்பவர், எறும்பை மிதித்தால்கூட நின்று பார்ப்பார். ஆனால் வாலைக் கையில் எடுத்தால் அவர் கண் மாறிவிடும். அது அம்மனின் கை என்று அவர் மனதார நம்பினார். நம்புகிறவன் அடிக்கிற அடி கனமாகத்தான் விழும்.

அவர் வாலை ஆணியிலிருந்து எடுத்தபோது கிருஷாந்தி குறுக்கே போய் நின்றாள்.

"பூசாரியய்யா, ஒரு தடவ பாத்துட்டுத் தர்றேன். கும்புட்டுக்கிறேன்."

அவர் யோசித்துவிட்டுக் கொடுத்தார். அவள் புறங்கையால் எண்ணெய் அழுக்கைத் தேய்த்தாள். அடியில் வளையங்கள் தெரிந்தன, கறுப்பும் வெள்ளையும் மாறி மாறி. விரலை ஓட்டினாள். நடு வரிசை முள் ஒவ்வொன்றாகத் தட்டுப்பட்டது. இப்படி ஒரு வாலை அவள் ஆய்வுகூடத்து இழுப்பறையில் பார்த்திருக்கிறாள். கிழக்கிலிருந்து வந்த வால். வாலை மட்டும் வைத்துக்கொண்டு இப்படி அடித்துச் சொல்ல அவளுடைய பேராசிரியர் விடவே மாட்டார். நல்லவேளையாகப் பேராசிரியர் அங்கே இல்லை.

"இது எங்கருந்து வந்துச்சுன்னு சொல்வாங்க ஐயா?"

"இது தெரியாதா தாயி? அம்மன் தோணியில வந்தப்ப கூடவே நீந்தி வந்த திருக்க. தலைமன்னார்ல கரையேறுனதும் வால மட்டும் காணிக்கையாக் குடுத்துட்டுத் திரும்பிப் போயிருச்சு."

"அந்தக் கடல்ல இந்த வகை கெடையாதுங்க. இது மலாயாவுக்கும் அந்தாண்ட இருக்குறது. இந்தியாவுலருந்து நம்ம ஆளுக வந்த வழியில இத யாரும் புடிச்சிருக்க முடியாது. மலாயாப் பக்கம் இருந்துட்டு வந்த வெள்ளக்காரத் தொரை யாராவது கொண்டாந்திருக்கணும். இதுக்கும் அம்மனுக்கும் சம்பந்தமே இல்ல."

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. செல்லசாமியின் முகம் சிவந்தது.

"அப்ப எங்கப்பா, எங்க தாத்தா எல்லாம் கும்புட்டது என்னாத்த? இந்தத் துணிக்கு அடியில அம்மன் கட்டுன மஞ்சக் கயிறு இருக்கு. நீயே பாரு."

சொன்ன வேகத்தில் அவர் துணியைப் பிரிக்க ஆரம்பித்தார். அவருக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து யாரும் அதைப் பிரித்ததில்லை. வருடா வருடம் பழையதன் மேலேயே புதியதைச் சுற்றுவதுதான் வழக்கம். சிவப்பு போய் மங்கிய சிவப்பு வந்தது, பிறகு மண் நிறம், பிறகு தொட்டாலே உதிர்கிற துணி. கடைசிச் சுற்றும் விழுந்தபோது மஞ்சள் கயிறு எதுவும் இல்லை. தோல் தைத்த கைப்பிடி இருந்தது. அதன் நுனியில் ஒரு தோல் வளையம். மணிக்கட்டு பட்டுப் பட்டு உட்பக்கம் வழவழப்பாகத் தேய்ந்திருந்தது.

துணிக்குள் என்ன இருக்கும் என்று மீனம்மா சொன்னதை அந்த நேரம் வரைக்கும் கிருஷாந்தி நினைக்கவே இல்லை. பேயும் இல்லை, ஒன்றும் இல்லை என்று காட்டத்தான் அவள் வாயைத் திறந்தாள். இப்போது பேய்க்கே சாட்சி சொல்லிவிட்டு நிற்கிறாள்.

மண்ணில் உட்கார்ந்திருந்த பிரியந்தி தலையைத் தூக்கினாள். பனி இல்லை, நல்ல வெயில். ஆனாலும் அந்தக் குரல்தான் வந்தது.

"இதுதான்."

அந்த வாலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்ட பெண்கள் எத்தனையோ பேர் அங்கே நின்றார்கள். அவர்களுடைய பாட்டன் பூட்டன் முதுகைக் கிழித்த சவுக்குக்குத்தான் இத்தனை காலமும் கற்பூரம் காட்டியிருக்கிறார்கள். ஒருத்தி உள்ளங்கையைச் சேலையில் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

செல்லசாமி வாலை ஆணியில் திருப்பி மாட்டவில்லை. தரையில் வைத்தார். பிரியந்திக்கு முன்னால் உட்கார்ந்தார். பேயிடம் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. எப்போதும் அதை அடித்துக்கொண்டேதான் கேட்பார். அன்றைக்குக் கையைக் கூப்பிக்கொண்டு கேட்டார்.

"தாயி, ஒனக்கு என்ன வேணும்?"

"என் முதுகுக்கு மருந்து போடுங்க."

கிருஷாந்தி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். "மருந்து கேக்குறாங்க ஐயா. நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"எதுக்கு அவ்ளோ தூரம்?" என்றான் விஜிதரன். "நான் வீட்டுல வச்சே மஞ்ச அரைச்சுப் பூசி விடுறேன்."

"கேட்டது மருந்து, தம்பி." செல்லசாமி திரும்பிப் பார்க்காமலே சொன்னார். "கேட்டதக் குடுக்கலன்னா எறங்காது. ஒன் ஆட்டோவிலயே கூட்டிட்டுப் போ."

அத்தனை பேர் முன்னால் அவனால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. ஆட்டோவை எடுத்தான். கண்ணாடியில் அவன் கண் அடிக்கடி பின்னால் வந்து போனது. பிரியந்தி தங்கச்சியின் தோளில் சாய்ந்து கிடந்தாள். கிருஷாந்திக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். அடி விழவில்லை, ஆஸ்பத்திரிக்கும் போகிறோம், மனநோய் டாக்டரிடம் காட்டிவிடலாம். மற்றதையெல்லாம் பிறகு யோசித்துக்கொள்ளலாம் என்று இருந்தாள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் விஜிதரனை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுத் திரையை இழுத்தாள். கிருஷாந்தி சிங்களத்தில் விளக்கினாள். அக்கா முதுகு வலிக்கிறது என்கிறாள், முதுகில் ஒன்றும் இருக்காது, எல்லாம் மனசுதான் என்றாள். நர்ஸ் பிரியந்தியின் சட்டையைத் தூக்கினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள், யார் அடித்தது என்று.

கிருஷாந்தி எட்டிப் பார்த்தாள். முதுகு முழுக்கக் கோடுகள்.

சத்தியமாக அவளுக்கு முதலில் தோன்றியது மீனம்மாதான். என்றைக்கோ பெரட்டுக் களத்தில் விழுந்த அடி இந்த முதுகில் எழும்பி வந்துவிட்டது என்று அவள் நம்பினாள். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு அவளுடைய கண் தன் வேலையைச் செய்தது. திருக்கை வால் பட்டால் முள் கிழித்த புள்ளிகள் வரிசையாக இருக்க வேண்டும். இங்கே ஒரு முள்கூடப் படவில்லை. கோடுகள் அகலமாக, இரண்டு ஓரமும் நேராக இருந்தன. ஒவ்வொன்றின் முடிவிலும் சதுரமாக ஓர் அச்சு, அதன் நடுவில் ஒரு குத்து. சில ஆறி வெளுத்திருந்தன, சில இன்னும் கன்றியிருந்தன. பெல்ட். பெல்ட்டின் பக்கிள். ஆணும் பெண்ணுமாக அத்தனை பேர் அருமையான பிள்ளை என்று சொன்னவனின் இடுப்பில் கிடக்கிற பெல்ட்.

"அக்கா," என்றாள்.

பிரியந்தி சத்தமில்லாமல் அழுதாள். "ஒங்கிட்ட போன்ல சொல்ல வந்தேன், கிருஷா. ரெண்டு மூணு தடவ. அத்தான் மாதிரி மனுசன் கெடைக்காதுன்னு நீ சொன்ன. அப்பறம் என்னத்தச் சொல்ல."

இது அக்காவின் குரல்தான். கிருஷாந்தி அவளைக் கட்டிப்பிடிக்கப் பார்த்தாள். முதுகில் கை வைக்க இடம் இல்லை. தலையைத்தான் பிடித்துக்கொண்டாள்.

"அந்தத் தோலு வளையம் உள்ள இருக்குறது ஒனக்கு எப்புடி அக்கா தெரியும்?"

"எந்த வளையம்?" என்று கேட்டாள் பிரியந்தி.

திரை விலகியது. விஜிதரன் கையில் பிளாஸ்டிக் கோப்பையில் தேத்தண்ணியோடு நின்றான். முகத்தில் அதே பதமான சிரிப்பு.

"என்னாச்சு? போயிருச்சா?"

கிருஷாந்தியின் கைக்குள் அக்காவின் கழுத்து விறைத்தது. பிரியந்தி அவன் பக்கம் மெல்லத் திரும்பினாள். கிழிந்த குரல் வந்தது.

"இல்லடா. இங்கதான் இருக்கேன்."

அவன் கையிலிருந்து தேத்தண்ணி கொட்டியது. அந்தக் குரல் அக்காவை விட்டுப் போனால் போதும் என்றுதான் கிருஷாந்தி கண்டியிலிருந்து ஓடி வந்தாள். இப்போது அவள் காளியம்மனை நினைத்து மனசார வேண்டிக்கொண்டாள், இவன் போகிற வரைக்கும் மீனம்மா போகக் கூடாது என்று.

தமிழ் புரியாத நர்ஸ் மறுபடியும் கேட்டாள், யார் அடித்தது என்று. கிருஷாந்தி கையை நீட்டிக் காட்டினாள்.