ஜெர்மன் ரீடு

தங்கமணி திருப்புளியை எடுத்து ஆர்மோனியத்தின் மேல்பலகையைக் கழற்றத் தொடங்கியதும் கள்ளக்குறிச்சியில் வாத்தியம் பழுது பார்க்கும் கடை வைத்திருந்த செல்லமுத்து வாசல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். வாசித்துப் பார்த்தே விலை சொல்லிவிடுவார் என்று காலையிலிருந்து நம்பியிருந்தான். பழைய வாத்தியங்களை ஊர் ஊராகத் தேடி வாங்கி மெட்ராஸ் கடைகளுக்குக் கொடுக்கிற மனிதர் தங்கமணி. காது கூர்மையானவர், ஆனால் காதை மட்டும் நம்பாதவர்.

பெட்டிக்கு எதிரே முக்காலியில் ரங்கம்மாள் உட்கார்ந்திருந்தாள். கூத்துக்குப் பெட்டி வாசித்த சுப்புராயனின் மனைவி. சுப்புராயன் போய் ஐந்து மாதம் ஆகிறது. இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் நடந்தபோது, முதல் நாள் கச்சிராயபாளையம் சாலையில் புளியமரம் வெட்டிப் போட்டவர்களில் அவரும் ஒருவர். மூன்றாம் நாள் அவருக்கு நெஞ்சு வலி வந்தது. கட்டை வண்டி முதல் மரத்தோடு நின்றுவிட்டது. அங்கிருந்து கட்டிலில் வைத்து, மரத்துக்கு மரம் தூக்கித் தாண்டிக்கொண்டு வந்தார்கள். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு இன்னும் நாலு மைல் இருக்கும்போது கட்டிலை இறக்கி வைத்துவிட்டார்கள். மறியலில் போலீஸ் குண்டடி பட்டு இறந்தவர்களின் பெயர் சுவரெல்லாம் எழுதப்பட்டது. சுப்புராயனின் பெயர் எதிலும் இல்லை.

மகள் சந்தியாவை டீச்சர் டிரெயினிங்கில் சேர்க்க வேண்டும் என்று பெட்டியை விற்க வந்திருந்தாள் ரங்கம்மாள். செல்லமுத்து இரண்டு முறை தள்ளிப் போட்டான். மூன்றாம் முறை அவளே கார்டு வாங்கி வந்து, மெட்ராஸ்காரருக்கு எழுது என்று நீட்டினாள்.

"இன்னாம்மா, ஜெர்மன் ரீடுன்னு எழுதியிருந்திச்சி?" என்றார் தங்கமணி.

"ஆமாங்க. நாடகக் கம்பெனிய கலச்சப்ப வாங்கினாரு. நாலு ஏக்கருல வெளஞ்ச மல்லாட்டப் பயிரு வித்த காசு."

தங்கமணி ரீடு பலகையை வெளிச்சத்தில் சாய்த்து, ஸ்வரம் எழுப்பும் ஒரு பித்தளை நாக்கை நகத்தால் மெல்லத் தூக்கிவிட்டார். "பெட்டி ஜெர்மன் காலத்துப் பெட்டிதான். தேக்கு. ஆனா ரீடெல்லாம் நம்மூரு ரீடு. யாரோ பழச எடுத்துட்டு இத வச்சிருக்காங்க. நல்லா வச்சிருக்காங்க, பட்டுனு தெரியாது. அந்த ரீடு இருந்தா நாலாயிரம் குடுப்பேன். இதுக்கு எழுநூறுக்கு மேல வராதும்மா."

பதினாலு வருஷத்துக்கு முன், துருத்தி கிழிந்துவிட்டது என்று சுப்புராயன் பெட்டியைச் செல்லமுத்துவின் வீட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அந்தப் பத்து நாளில் செல்லமுத்து செய்த வேலை அது. அந்த ரீடுகளை விற்ற பணம்தான் இந்தக் கடைக்கு அட்வான்ஸ். பெட்டியை வாங்கிக்கொண்டு போக வந்த சுப்புராயன் ஒரு பாட்டு வாசித்துப் பார்த்துவிட்டு, துருத்தி மாத்தினதும் குரல் கொஞ்சம் இளசாயிடிச்சிடா தம்பி என்று சிரித்தார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஊர் ஊராக, ஜெர்மன் பெட்டி என்று சொல்லித்தான் வாசித்தார்.

ரங்கம்மாள் கழற்றி வைத்த பலகையைப் பார்த்தாள். பிறகு யாரிடமும் என்றில்லாமல் சொன்னாள்.

"சின்னசேலத்துல ஒருத்தி இருந்தா. நாடகத்துல ராணி வேசம் கட்றவ. அவளுக்குத் தோடு வாங்கிக் குடுத்தாருன்னு ஊரே பேசிச்சி. கேட்டேன். இதோ, இந்தப் பெட்டி மேல கைய வச்சி, ஒரு காசு குடுக்கலன்னு சத்தியம் பண்ணாரு." அவள் மூச்சை இழுத்து விட்டாள். "உள்ளாற இருந்தத வித்துட்டு, வெறும் பெட்டி மேலதான் கைய வச்சிருக்காரு."

அப்போதே சொல்லியிருக்கலாம். செல்லமுத்து வாயைத் திறந்தான். "அண்ணி, டீ சொல்லட்டுமா" என்றுதான் வந்தது.

"வேணாம். எட்த்துக்கினு போவச் சொல்லு."

எழுநூறு ரூபாயை அவள் எண்ணவில்லை. பெட்டியை ஒரு தடவை தொடக்கூட இல்லை. திருநாவலூரில் ஒரு வீணை இருக்கிறதாம், பார்த்துவிட்டு நாளைக்குத்தான் மெட்ராஸ் போவேன் என்று சொல்லி, தங்கமணி பெட்டியைக் கோணியில் சுற்றித் தோளில் ஏற்றிக்கொண்டு போனார். ரங்கம்மாளும் இறங்கிப் போய்விட்டாள்.

கடையில் தனியாக உட்கார முடியவில்லை. செத்துப்போனவர் தன் பக்கத்தைச் சொல்ல எழுந்து வரப்போவதில்லை. செல்லமுத்து கதவைக்கூடச் சாத்தாமல் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தான். கச்சிராயபாளையம் பஸ் நிற்கும் இடத்தில் அவள் தரையில் குந்தியிருந்தாள். எதிரே நின்றபடியே சொன்னான்.

"அண்ணி, அத அவரு விக்கல. நான்தான் எட்த்தேன். துருத்தி மாத்தக் குடுத்தப்ப. அவருக்குக் கடைசி வரைக்கும் தெரியாது."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அடித்திருந்தால் தாங்கியிருப்பான்.

"பதினாலு வருசம் எங்க வூட்ல வந்து சோறு தின்னுக்கினு இருந்தியே" என்றாள். குரல் உயரவே இல்லை. "அவரு வாசிக்கிறப்பல்லாம் முன்னால உக்காந்து கேட்டுக்கினு இருந்தியே."

பின்னால் ஒரு டவுன் பஸ் ரிவர்ஸ் எடுத்துக்கொண்டு ஹாரன் அடித்தது. நகர வேண்டும் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை. யாரோ தோளைப் பிடித்து இழுத்துவிட்டார்கள்.

ரங்கம்மாள் எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள். "அந்த ஆளு எந்த ஊருன்னாரு?"

"திருநாவலூர். உளுந்தூர்பேட்டை பஸ்ல போயி எறங்கணும். அண்ணி, நான் போயி வாங்கினு வரேன். ரீடு இல்லாம கொறஞ்ச பணத்துக்கு இன்னாமோ செய்றேன்..."

"நீ வராத."

உளுந்தூர்பேட்டை பஸ் புறப்பட்டு வளைந்துகொண்டிருந்தது. அவள் அதைக் கையால் தட்டி நிறுத்தி ஏறினாள். உட்கார இடம் இல்லை. இடுப்பில் சொருகியிருந்த பணத்தை ஒரு கையால் அழுத்திக்கொண்டு, மறு கையால் மேல்கம்பியை எட்டிப் பிடித்து, கண்டக்டர் நகரச் சொல்லியும் நகராமல், முன் கண்ணாடியையே பார்த்தபடி நின்றாள்.