ஆறாத குழலுக்கு ஒரு கைக்காப்பு

வெர்லின் ஸ்ட்ரவுட் இறந்த மார்ச் மாதத்திலிருந்து, அவர் தன் கராஜில் வைஸ் என்னும் இரும்புப் பிடியில் இறுக்கிவைத்திருந்த துப்பாக்கிக் குழல் ஆறவே இல்லை. அது ஒரு தோட்டாகூடச் சுட்டிராத புதுக் குழல். ஆனாலும் நாள் முழுக்கச் சுட்டது போலக் கொதித்துக்கொண்டிருந்தது. மொன்டானாவில் சேஜ் ஃபோர்க் என்னும் எங்கள் ஊரில் அந்த ஆண்டு வைக்கோல் விலை ஏறியது, ஆற்றுப் பாலத்துக்கு வண்ணம் அடித்தார்கள், ஸ்ட்ரவுட் வீட்டுக் கராஜின் கூரையில் மட்டும் பனி தங்கவில்லை. தெருப்பூனைகள் எல்லாம் அங்கே குடிவந்தன. தீயணைப்புக்காரர்கள் வந்து பார்த்தார்கள். எரிவதற்கு ஒன்றும் இல்லை என்று சொல்லி, கொடுத்த காபியைக் குடித்துவிட்டுப் போனார்கள். வெர்லினின் மகள் ஜெனெல் ஓர் அட்டையில் "சூடு, தொடாதீர்கள்" என்று எழுதி வைஸில் கட்டிவைத்தாள்.

ஜெனெல் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். குளிர் பட்டால் அவள் விரல்கள் மெழுகுவர்த்தி போல வெளுத்து மரத்துப்போகும், பிறந்ததிலிருந்தே அப்படி. நவம்பரில் மான் வேட்டைக்கு ஊரே மலையேறும்போது அவளும் அப்பாவோடு வடக்கு முகட்டுக்கு ஏறுவாள். ஆனால் விடிவதற்குள் கை செத்துப்போய்த் திரும்பிவிடுவாள். அந்த முகட்டில் சூரியன் எழுவதை அவள் ஒருமுறையும் பார்த்ததில்லை. ஒரே ஒருமுறை, அப்பா நின்ற இடத்தில், கையில் துப்பாக்கியோடு விடியும்வரை நிற்க வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. அதற்காகத்தான் வெர்லின் அந்தத் துப்பாக்கியைக் கட்டத் தொடங்கினார். எங்கள் ஊரில் துப்பாக்கியை முழுசாக வாங்குவது சோம்பேறிகள் வேலை. குழல் ஓரிடம், பின்கட்டை ஓரிடம் என்று தருவித்துச் சமையலறை மேசையில் வைத்துத் தானே பூட்டுவதுதான் வழக்கம்.

குழல் பதினாறு அங்குலம். அதைச் சுற்றிக் கையைச் சூட்டிலிருந்து காக்கிற உறையான கைக்காப்பு எத்தனை அங்குலம் என்பதில்தான் தகராறு வந்தது. குழலின் நடுவே புகை பிரிகிற இடத்திலுள்ள சிறு கட்டி உறைக்குள் அடங்க வேண்டும்; குழல்வாயில் திருகியிருக்கும் நெருப்பு மறைப்பான் வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். இடையில் எங்கே முடித்தாலும் குற்றமில்லை. ஆனால் சேஜ் ஃபோர்க்கில் எல்லாரும் பதினைந்துதான் போடுவார்கள். வாய்வரை நீண்டால்தான் அழகு என்று ஒரு நினைப்பு. மகளின் கை குட்டை, முன்பக்கம் கனத்தால் தாங்காது, பதின்மூன்று போதும் என்றார் வெர்லின். இரும்புக்கடையில் உதிரிபாகங்கள் விற்கும் அவருடைய நெடுநாள் நண்பர் கார்டி மேடக்ஸ், கடை நிறைய ஆட்கள் இருக்கும்போது உரக்கச் சிரித்தார்.

"பதினாறுக்குப் பதின்மூணா? அரைக்கால் சட்டை மாட்டின மாதிரி இருக்கும்டா வெர்லின்."

"சட்டை எனக்கில்ல, அவளுக்கு."

"அட போடா. அந்தப் புள்ள கைக்குத் துப்பாக்கி எதுக்கு? ஒரு அடுப்பு வாங்கிக் குடு."

வெர்லின் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியேறினார். அந்த வாரமே மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். குழல் அன்றிலிருந்து சுடுகிறது. கார்டி அடக்கத்துக்கு வந்து கடைசி வரிசையில் நின்றார். அதன்பின் சில குளிர்காலங்கள்வரை அந்தத் தெருப் பக்கமே வரவில்லை. தபால் ஆபீசுக்குக்கூட ஊரைச் சுற்றிக்கொண்டுதான் போனார்.

ஒரு அக்டோபரில் ஜெனெல் அவர் கடைக்குப் போய், "மாமா, அந்தத் துப்பாக்கியை முடிக்கணும். வெறுங்குழலைப் பிடிக்க முடியல," என்றாள். அவர் தன் சொந்தத் துப்பாக்கியிலிருந்த பதினைந்து அங்குலக் கைக்காப்பைக் கழற்றி எடுத்துக்கொண்டு அன்று மாலையே வந்தார். ஊரில் அதைவிட அழகானது கிடையாது. நல்ல மனத்தோடுதான் கொண்டுவந்தார். சூடான குழலை எவ்வளவு மூடுகிறோமோ அவ்வளவு நல்லது என்பதும் நியாயமான பேச்சுதான். தோல் கையுறை போட்டுப் பூட்டி முடித்தார். பூட்டிய கொஞ்ச நேரத்தில் உறையே கொதித்தது. சன்னலுக்கு வெளியே படிந்திருந்த பனி உருகி வழிந்தது. பூனைகள் எழுந்து வெளியே போய்விட்டன. கையுறையைக் கழற்றித் தொட்டுப் பார்த்த கார்டியின் உள்ளங்கை கொப்பளித்தது.

ஜெனெல் வெண்ணெய் கொண்டுவந்து தடவிவிட்டாள். திட்டவில்லை, ஏன் என்று கேட்கவும் இல்லை. "உள்ள வாங்க மாமா, சூப் இருக்கு," என்றாள். அந்த ஒரு சொல்தான் அவரை உடைத்தது என்று பின்னால் எங்கள் தேவாலயத்துப் பாஸ்டர் லுண்டீனிடம் கார்டி சொன்னார். சூப்பைத் தொடாமல் எழுந்து, மூலையில் கிடந்த துடைப்பக் கழியை அவள் கையில் கொடுத்தார்.

"கண்ணை மூடிக்க, புள்ள. துப்பாக்கின்னு நெனச்சுத் தோள்ல வை. கை தானா எங்க போகுதோ அங்க பிடி."

அவள் பிடித்தாள். அவர் அங்கே சாக்குக்கட்டியால் கோடு போட்டு, குழல் தொடங்க வேண்டிய இடத்திலிருந்து அளந்தார். விரல்கள் முடிந்து, மேலே கொஞ்சம் இடம்விட்டு, சரியாகப் பதின்மூன்று. கழியைச் சுவரில் சாய்த்துவைத்தார். பிறகு கராஜுக்குப் போய்க் குழலின் முன்னால் தொப்பியைக் கழற்றினார். "நீ சொன்னதுதான் சரி, வெர்லின். நான் சொன்னது கேவலம்," என்றார். கொப்பளித்த கையோடு தன்னுடைய அழகான கைக்காப்பைக் கழற்றி, இரும்பு அறுக்கும் ஹேக்சா பிளேடை எடுத்து, அதில் இரண்டு அங்குலத்தை அறுத்து எறிந்தார். விளிம்பை அரத்தால் தேய்த்துப் பூட்டினார். கறுப்புப் பூச்சு போய் வெள்ளையாக ஒரு வளையம் தெரிந்தது. எங்கள் ஊரில் யாரும் செய்யத் துணியாத காரியம் அது.

ஜெனெல் தயங்கித் தயங்கிக் கையை வைத்தாள். குழல் ஆறவில்லை, வெளியே நீட்டியிருந்த பகுதியில் எச்சில் வைத்தால் இன்னும் சுரீர் என்றது. ஆனால் உறைக்கு மேல் வந்த சூடு ஒரு மனிதர் கையின் சூடு அளவுதான். அவள் கண்ணை மூடிக்கொண்டு, "அப்பா கை இப்படித்தான் இருக்கும்," என்றாள். கார்டி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

மற்ற பாகங்களையும் பூட்டி முடித்து, நவம்பரில் இருவரும் வடக்கு முகட்டுக்கு ஏறினார்கள். தண்ணீர்ப் புட்டி உறைந்து வெடிக்கிற குளிர். ஜெனெலின் விரல்கள் ரோஜா நிறத்தில் இருந்தன. கார்டிக்குத்தான் கை விறைத்துப்போனது. தன் துப்பாக்கியின் வெறுங்குழலைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். அவள் தன்னுடையதை நீட்டினாள்.

"பிடிங்க மாமா."

"வேணாம் புள்ள. உங்கப்பன் சுட்டுருவான்."

"சுடமாட்டாரு. பிடிங்க."

சுடவில்லை. ஒரே துப்பாக்கியை நான்கு கைகள் பிடித்துக்கொண்டிருந்தபோது சூரியன் எழுந்து பள்ளத்தாக்கு முழுவதும் பொன்னாயிற்று. பெரிய கொம்புள்ள மான் ஒன்று அவர்கள் முன்னால் வந்து நின்று பார்த்துவிட்டுப் போனது. இருவருமே அதைக் கவனிக்கவில்லை.

இப்போது குளிர்கால ஞாயிறுகளில் அந்தத் துப்பாக்கி, சுடும் பாகம் கழற்றப்பட்டு, தேவாலய வாசல் மேசையில் பாட்டுப் புத்தகங்களுக்குப் பக்கத்தில் கிடக்கும். தூரத்துப் பண்ணைகளிலிருந்து வருகிற கிழவர்கள் முதலில் அதைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுத்தான் உள்ளே போவார்கள். பாஸ்டர் லுண்டீன் அதைப் பற்றி ஒரு பிரசங்கம் எழுதத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டார். "கையச் சூடாக்கிக்கிட்டு வந்து உக்காருங்க," என்று மட்டும் வாசலில் நின்று சொல்கிறார். இரும்புக்கடையில் கம்பளிக் கையுறை விற்பது குறைந்துவிட்டது. பதின்மூன்று அங்குலக் கைக்காப்பு மட்டும் கார்டியிடம் எப்போதும் இருப்பில் இருக்கும்.