நாலு பொத்தான்

தளவாய் எழுந்து அடுப்பை மூட்டினான். வெந்நீர் வைத்தான். வேப்பங்குச்சி ஒடித்து மச்சினனிடம் கொடுத்து, செம்பில் தண்ணீர் மொண்டு பக்கத்தில் வைத்தான். பிறகு நல்லெண்ணெயைச் சூடாக்கி, மச்சினனின் வலது முழங்கையில் ஊற்றி மேலிருந்து கீழாக உருவிவிட்டான். எல்லாம் அவன் மனைவி இராமலட்சுமி தினமும் செய்கிற வேலைகள். அவள் காய்ச்சலில் விழுந்ததிலிருந்து அவன் செய்து வந்தான்.

குத்தாலிங்கம் அவளுடைய அண்ணன். ஜெர்மன் சண்டையில் பசரா வரைக்கும் போய், முழங்கையில் குண்டு பாய்ந்து திரும்பியவன். கை மடங்கினபடியே நின்றுவிட்டது. விரல்கள் உள்ளே சுருண்டு கிடந்தன. சர்க்கார் பென்ஷன் கொடுத்தது. ஆனால் வருஷத்துக்கு ஒருமுறை ராணுவ டாக்டர் பார்த்து, இன்னும் முடியவில்லை என்று எழுத வேண்டும். இந்த வருஷம் பார்ப்பதோடு சரி. துணைக்கு ஆள் இல்லாமல் இவனால் உடுத்த, உண்ண முடியாது என்று டாக்டர் எழுதிவிட்டால் ஆயுசுக்கும் முழுப் பென்ஷன். முடியும் என்று எழுதினால் பாதியாகக் குறையும். பாதியில் குத்தாலிங்கம் தன் சாப்பாட்டுச் செலவைக் கொடுக்க முடியாது. கொடுக்க முடியாமல் தங்கை வீட்டில் இருக்கவும் மாட்டான். இராமலட்சுமிக்கு அது தெரியும்.

தளவாய் அவனைக் குளிக்க வைத்து, வேட்டி கட்டிவிட்டு, வெள்ளைச் சட்டையை எடுத்தான். முடங்கின கையை முதலில் நுழைத்தான். பொத்தான் போட்டுவிடும்போது குத்தாலிங்கம் எப்போதும்போல மோட்டு வளையைப் பார்த்துக்கொண்டு நின்றான். தங்கை போட்டுவிட்டாலும் அப்படித்தான் நிற்பான். குனிந்து பார்த்ததே கிடையாது.

தளவாயின் விரல்கள் தடுமாறின. பொத்தான்கள் வலப்பக்கம் இல்லை. இடப்பக்கம் இருந்தன. துளைகள் வலப்பக்கம் வந்திருந்தன. அகலமாகவும் இருந்தன. காய்ச்சலோடு அவள் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தது இந்தச் சட்டையைத்தான். கிழிசல் என்று அவன் நினைத்திருந்தான். திரும்பிப் பார்த்தான். பாயில் படுத்திருந்த இராமலட்சுமி அவனைப் பார்த்துக் கையை அசைத்தாள்.

பக்கத்தில் போய்க் குனிந்தான். அவள் சொன்னதைக் கேட்டான். சரி என்றான்.

நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். குளிர்ந்திருந்தது. இத்தனை நாளாகக் கொதித்த உடம்பு. பக்கத்து வீட்டு மாரித்தாயும் தொட்டுப் பார்த்தாள்.

“காச்ச விட்டுட்டு. இனிமே ஒண்ணுமில்ல. நீங்க போயிட்டு வாங்க தம்பி, நான் பாத்துக்கிடுதேன்.”

“கஞ்சி குடுங்க மைனி.”

“எனக்குத் தெரியாதா? பள்ளிக்கூடத்துல பிள்ளைகளுக்குச் சொல்லுத மாதிரில்லா சொல்லுதிய.”

வாசலில் வண்டிக்காரன் கடற்கரையின் மாட்டுவண்டி நின்றது. ஆனி மாதம். மேற்கே மலை தெரியவில்லை. சாரல் சன்னமாக விழுந்துகொண்டிருந்தது. டாக்டர் குற்றாலத்துப் பங்களாவில் முகாம். சீசனுக்கு வந்த இடத்தில் பென்ஷன்காரர்களையும் பார்த்துவிடுவார்.

வண்டியில் குத்தாலிங்கம் சொன்னான். “மாப்ள, ஒமக்கு ஒரு விசயம் தெரியுமா? பழைய காக்கிச் சட்டையில ரெண்டு பொத்தான நானே போடுதேன்.”

“எப்போ?”

“நீரு பள்ளிக்கூடம் போன பொறவு. அவளுக்குத் தெரியாது. இன்னும் பத்து நாள்ல நாலையும் போட்டுருவேன்.”

“டாக்டர்ட்ட இத சொல்லிராதிய மச்சான்.”

“ஏன்? பொய் சொல்லி வாங்கச் சொல்லுதீரா?”

கடற்கரை மாட்டை அதட்டிவிட்டுத் திரும்பினான். “அண்ணாச்சி, குண்டு பட்டது பொய்யா? அத வாங்கினது நெசம்தான? சும்மா இரிங்க.”

“நீ மாட்டப் பாத்து ஓட்டுலே.”

பங்களா வராந்தாவில் ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். கால் இல்லாதவர்கள், கண் இல்லாதவர்கள். மைதீன் என்பவன் குத்தாலிங்கத்தோடு பசராவில் இருந்தவன். அவனுக்கு இடது கையில் இரண்டு விரல்தான். வந்ததும் பிடித்துக்கொண்டான்.

“ஏ, பாத்து நடந்துக்கோ வே. இந்த மேஜர் டாக்டர் பொல்லாத ஆளு. போன வருசம் வீரகேரளம்புதூர்க்காரன் ஒருத்தன், தோளு தூக்க வரலன்னு அழுதான். மூக்குல ஒரு ஈ உக்காந்துச்சி. அந்தக் கையாலயே ஓட்டிப்புட்டான். பென்சன் போச்சி.”

“ஈ அவர் வளத்த ஈயா?” என்றான் குத்தாலிங்கம்.

“இருக்கும். சர்க்கார் ஈ.”

எல்லோரும் சிரித்தார்கள். தளவாயும் சிரித்தான். வீட்டில் கஞ்சி குடித்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டான்.

டாக்டர் மதராஸ்காரர். நன்றாகத் தமிழ் பேசினார். சட்டையைக் கழற்றச் சொன்னார். தளவாய் கழற்றிவிட்டான். முழங்கையை அழுத்தினார், நீட்டப் பார்த்தார், சுருண்ட விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். குத்தாலிங்கம் பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தான்.

“வலிக்கிறதா?”

“இல்ல சார்.”

“யார் சாதம் ஊட்டுவது?”

“இடக்கையால நானே சாப்பிடுவேன் சார்.”

“துணி உடுத்துவது?”

தளவாய் வாயைத் திறப்பதற்குள் குத்தாலிங்கம் சொல்லிவிட்டான். “அதுவும் நானே, சார்.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “சட்டையைப் போடு. பார்ப்போம்.”

குத்தாலிங்கம் விறைப்பாக நின்றான். சட்டையை வாங்கி, முடங்கின கையை நுழைத்தான். மறு கையை நுழைத்தான். இதுவரைக்கும் சரியாகத்தான் வந்தது. இடது கையை வலப்பக்கம் கொண்டுபோனான். பொத்தான் இருக்க வேண்டிய இடத்தைத் தடவினான். துணிதான் இருந்தது. மேலே போனான், கீழே வந்தான். டாக்டரின் முகத்தைப் பார்த்தே நின்றான், பழைய பட்டாளத்துப் பழக்கம். குனிந்து பார்க்கவில்லை. விரல் ஒரு துளைக்குள் போய் மாட்டிக்கொண்டது. இழுத்தான். நெற்றியில் வியர்த்தது.

தளவாய் பக்கத்திலேயே நின்றான். ஒரு வார்த்தை போதும். சொல்லவில்லை.

“போதும்” என்றார் டாக்டர். அவரே எழுந்துவந்து அந்த விரலைத் துளையிலிருந்து எடுத்துவிட்டார். பிறகு தளவாயிடம் கேட்டார். “தினமும் இவருக்கு யார் செய்கிறார்கள்?”

“இவருடைய தங்கை. என் மனைவி.”

“கூடவே இருப்பார்களா?”

“இருப்பாள்.”

டாக்டர் எழுதினார். ஆயுசுக்கும் முழுப் பென்ஷன் என்றார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

திரும்பும்போது குத்தாலிங்கம் வண்டியின் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தான். சட்டைப் பொத்தான்களைத் தளவாய்தான் போட்டுவிட்டிருந்தான். வண்டி இலஞ்சியைத் தாண்டியது.

“முந்தாநேத்துக்கூடப் போட்டேன் மாப்ள” என்றான். “கையி நடுங்கிட்டு. அந்த ஆளு பாத்த பார்வையில நடுங்கிட்டு.”

தளவாய்க்குச் சொல்ல வந்தது. இனிமேல் சொல்லலாம்தான். ஆனால் ஊசி பிடித்தவள் அவள். வீட்டுக்குப் போனதும் அவளே சொல்லட்டும், அண்ணன் முகத்தை அவளே பார்க்கட்டும் என்று விட்டுவிட்டான்.

தெருமுனையில் கடற்கரை மாட்டை இழுத்துப் பிடித்தான். வீட்டு வாசலில் ஆட்கள் நின்றார்கள். மாரித்தாய் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். வண்டியைப் பார்த்ததும் வந்த வழியே உள்ளே போய்விட்டாள்.

அவர்கள் கிளம்பின கொஞ்ச நேரத்திலேயே இராமலட்சுமிக்கு நினைவு தப்பியிருந்தது. கஞ்சி ஒரு வாய்கூட இறங்கவில்லை. காய்ச்சல் விட்டதல்ல அது, உடம்பு அடங்கினது என்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர் சொல்லிவிட்டுப் போனார்.

பிறந்த வீட்டுக் கோடி போட அண்ணன் ஒருவன்தான். குத்தாலிங்கம் கடைத்தெருவுக்குத் தானே போய்ச் சேலை எடுத்துவந்தான். பச்சையில் அரக்குக் கரை. ஒரு முனையை இடது கையில் பிடித்தான். மறு முனையைப் பிடிக்கத் தளவாய் கை நீட்டினான்.

“புருசன் தொடப்பிடாது. பிறந்த வீட்டான்தான் போடணும்” என்றாள் தளவாயின் பெரியம்மை முப்பிடாதி.

குத்தாலிங்கம் மறு முனையைச் சுருண்ட விரல்களுக்கு நடுவே திணித்தான். குனிந்தான். சேலை கோணலாக விழுந்தது. ஒரு கால் மூடவில்லை. முழங்கால் போட்டு உட்கார்ந்து இழுத்து மூடினான். யாரும் உதவிக்கு வரவில்லை. வரக்கூடாது.

பெண்கள் கேட்டார்கள், கடைசியாக என்ன சொன்னாள் என்று. மாரித்தாய் மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னாள்.

“குத்தாலநாதான்னு ரெண்டு தடவ கூப்பிட்டா. கூப்பிட்டுக் கண்ண மூடிட்டா.”

“புண்ணியவதி” என்றாள் முப்பிடாதி. அது வாசல் வரைக்கும் போயிற்று. ஆண்களும் சொல்லிக்கொண்டார்கள். தளவாய் மறுக்கவில்லை. இருட்டுவதற்கு முன்னால் சிற்றாற்றங்கரையில் எரித்துவிட்டுத் தலை முழுகி வந்தார்கள்.

மறுநாள் காலையில் தளவாய் எழுந்து அடுப்பை மூட்டப் போனான். சாவு வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்று மாரித்தாய் தடுத்துவிட்டாள். சும்மா நின்றான். பிறகு வேப்பங்குச்சி ஒடித்தான். செம்பில் தண்ணீர் மொண்டான்.

காடாத்துக்குப் போக வேண்டும். சாம்பலில் பால் ஊற்றி எலும்பு பொறுக்க வேண்டும். குத்தாலிங்கம் வேட்டியோடு வந்து நின்றான். முடிச்சை அவனே எப்படியோ போட்டிருந்தான். கொடியிலிருந்து வெள்ளைச் சட்டையை எடுத்துத் தளவாயிடம் நீட்டினான். நீட்டிவிட்டு மோட்டு வளையைப் பார்த்தான்.

தளவாய் அவன் கைகளை நுழைத்துவிட்டான். அதோடு நிறுத்திக்கொண்டான்.

“என்ன மாப்ள?”

“நீங்களே போடுங்க மச்சான். கீழ பாருங்க. பொத்தான் இடப்பக்கம் இருக்கு.”

குத்தாலிங்கம் குனிந்தான். சட்டையை வெகுநேரம் பார்த்தான். பொத்தானை இடது கையின் இரண்டு விரலில் பிடித்துத் துளைக்குள் தள்ளினான். போயிற்று. அடுத்தது. அதற்கடுத்தது. நாலாவது பொத்தானில் நூல் மற்றதைவிடத் தடிப்பாக, அவசரமாகச் சுற்றியிருந்தது. அதுவும் போயிற்று.

வாசலில் முப்பிடாதி பால் செம்போடு கூப்பிட்டாள். இருவரும் அசையவில்லை.

“இத அவ ஒம்மகிட்ட சொன்னாளா?”

“ஆமா. நேத்து வண்டிக்குப் போறதுக்கு முன்னால.”

“என்னன்னு சொன்னா?”

தளவாய் அவள் சொன்னபடியே சொன்னான்.

“பொத்தான இடப்பக்கம் மாத்தித் தச்சிருக்கேன். அண்ணன் இனிமே ஒத்தக் கையாலயே போட்டுக்கிடும். இன்னைக்கு மட்டும் சொல்லிராதிய, டாக்டர் முன்னாலயே போட்டுக் காட்டிரும்.”