கால் நீட்ட இடம்

உடைந்த சர்ஃபிங் பலகையைப் போர்வையில் சுற்றிக் கொண்டுவந்து பலகை செய்யும் பட்டறையின் மேசைமேல் கிடத்தினாள் அந்த நர்ஸ். ஒன்பதடிப் பலகை, முன்பக்கம் மூன்றடி முறிந்து போயிருந்தது. அதில் ஏறிக் கடலுக்குள் போன அவள் கணவன் திரும்பவேயில்லை. பலகை மட்டும் பதினோராம் நாள் கரை ஒதுங்கியது.

"அக்கா, இத வெட்டிச் சின்னதாக்கிக் குடுங்க. வீட்ல வச்சுக்கறேன். இப்படியே பாக்க முடியல."

பட்டறைக்காரிக்கு அது கைவந்த வேலை. மேலிருந்த கண்ணாடி நார் உறையை உரித்தாள். உள்ளே இருந்த வெள்ளை நுரைக்கட்டையை ஐந்தடிக்கு அறுத்து, முனையை வளைத்து, உப்புத்தாள் போட்டு மழமழவென்று தேய்த்துவிட்டுப் போனாள்.

காலையில் வந்து பார்த்தால் கட்டைமேல் பள்ளங்கள். தோள் பதிந்தாற்போல் ஒன்று, இடுப்பு பதிந்தாற்போல் ஒன்று. மாடியில் குடியிருந்த தம்பியைக் கூப்பிட்டாள்.

"டேய், இதுல ஏறிப் படுத்தியா?"

"நல்லா கேட்ட போ! என் ஒரு தொடைக்கே அது பத்தாது."

அதுவும் சரிதான். முணுமுணுத்துக்கொண்டே பள்ளம் மறையும்வரை மேலேயும் முனையிலும் செதுக்கினாள். கட்டை நாலரையடியாகக் குறைந்தது. அன்று பட்டறையைத் தானே பூட்டிச் சாவியை வீட்டுக்கு எடுத்துப் போனாள்.

மறுநாள் பள்ளங்கள் இடம் மாறியிருந்தன. ஒருக்களித்து, முழங்காலை நெஞ்சோடு சேர்த்துப் படுத்த ஓர் ஆளின் அச்சு. தொட்டாள். ஈரம். விரலை நாக்கில் வைத்தாள். உப்புக் கரித்தது. கட்டை குறையக் குறைய, அந்த ஆளும் சுருண்டு சுருண்டு இடம் பண்ணிக்கொள்கிறான்.

நர்ஸுக்குப் போன் போட்டாள். வந்தவள் அலறவில்லை. ஒவ்வொரு பள்ளத்திலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

"குளிருச்சுன்னா இப்படித்தான் முடங்கிக்குவார்" என்றாள். பிறகு, "வெட்டின துண்டெல்லாம் இருக்கா அக்கா?"

"இருக்கு."

"அப்ப ஒட்டி நீளமாக்கிடுங்க. அகலமும் நல்லா வைங்க."

பட்டறைக்காரி அவள் முகத்தையே பார்த்தாள். "ரெண்டு பேருக்கா? அது மட்டும் என் கையால நடக்காதும்மா."

நர்ஸ் சிரித்துவிட்டாள். கண் நிறைந்திருந்தது. "நான் எங்கயும் போகலக்கா. தூக்கத்துல உருளுவார். கீழ விழக்கூடாதுல்ல, அதுக்குத்தான்."

வெட்டிய துண்டுகளோடு புது நுரையும் சேர்த்து ஒட்டி, ஏழடி நீளத்தில், பரிசல் போல் அகன்று உருண்ட பலகை ஒன்றைச் செய்தாள் பட்டறைக்காரி. அடுத்த காலை அதன்மேல் மல்லாந்து படுத்த அச்சு இருந்தது, கால்கள் நன்றாக நீண்டு. இம்முறை அவள் உப்புத்தாளைத் தொடவில்லை. பள்ளத்தோடு பள்ளமாகக் கண்ணாடி நார்த் துணியைப் பரப்பி, அதை இறுக்கும் ரெசின் பசையைப் பூசினாள்.

பத்து நாள் கழித்து நர்ஸ் வந்து பலகையைத் தடவினாள். "சூடா இருக்கேக்கா."

ரெசின் இறுகும்போது சூடாகும். ஆனால் அது இறுகிப் பத்து நாளாகிவிட்டது.

"ஆமாம்மா" என்றாள் பட்டறைக்காரி.

ரெசின் இறுகிய அன்று பட்டறைக்காரி ஒற்றைக் கையால் தூக்கி நிறுத்திய பலகைதான் அது. வண்டியில் ஏற்ற, இருவரும் சேர்ந்தும் முடியாமல் தம்பியையும் கூப்பிட வேண்டியிருந்தது.