வெங்காயம் தேடிய டாக்டர்

எனக்கு வந்த காய்ச்சலைப் பொய்யென்று சொன்ன ஆளை நான் மன்னிக்கவில்லை. இன்றைக்கும் இல்லை.

சித்தூர் பக்கம் மாம்பழக் கூழ் ஃபேக்டரிகள் வரிசையாக முளைத்த வருடங்கள் அவை. கூழ் டின்னில் அடைபட்டு துபாய்க்குப் போயிற்று. பிச்சாட்டூரிலிருந்து நாங்கள் லாரியேறி ஃபேக்டரிக்குப் போனோம். கூழில் சேர்க்கும் சிட்ரிக் ஆசிட்டை எடைபோட்டுக் கரைப்பது என் வேலை. நிம்ம உப்பு என்போம். பார்க்கச் சர்க்கரை மாதிரி இருக்கும். வேலைக்குப் போன நாட்களில் சாயங்காலமானால் மூட்டெல்லாம் நொந்து உடம்பு கொதிக்கும்.

நான்காம் முறை லீவு கேட்டபோது ஃபேக்டரி டாக்டர் கோவர்த்தனன் என்னைத் தொட்டுப் பார்த்தார். சுடத்தான் சுட்டது. ஆனாலும் மாங்காய் நறுக்கும் நாற்பது பெண்களுக்கு முன்னால் நிற்க வைத்தார்.

"கையத் தூக்கும்மா தாட்சாயணி. அக்குள்ல வெங்காயம் வெச்சிக்கினா இப்படித்தான் சுடும். ஸ்கூல் பசங்க டிராமா எனக்குத் தெரியாதா?"

தூக்கினேன். ஜாக்கெட் வேர்வையில் நனைந்திருந்தது. குனிந்து பார்த்தார். வெங்காயம் இல்லை.

"எங்கயோ போட்டுட்டா" என்றார். நாற்பது பேரும் சிரித்தார்கள். வேலை போனது. ஊரில் வெங்காயம் என்றே எனக்குப் பேர் விழுந்தது.

காய்ச்சல் மட்டும் போகவில்லை. திருப்பதி ஆஸ்பத்திரியில் டாக்டர் துர்காதேவி மேடம் நான் தின்றதையெல்லாம் ஒரு மாதம் எழுத வைத்தார்.

"ரசத்துக்குப் புளியா, எலுமிச்சையா?"

எனக்கு வெட்கமாக இருந்தது. "நிம்ம உப்பு மேடம். ஃபேக்டரில இருந்து முந்தானையில முடிஞ்சிக்கினு வந்தது. காய்ச்ச வாய்க்கு ருசியா இருக்கும்னு அதைத்தான் போட்டுத் துன்னேன்."

மேடம் அதை நிறுத்தச் சொன்னார். எலுமிச்சம்பழம் பிழிந்து குடிக்கச் சொன்னார். பத்து நாள் காய்ச்சலே இல்லை.

"அந்தத் தூள் பழத்துல இருந்து வர்றதில்லம்மா. கறுப்புப் பூஞ்சையைத் தொட்டியில வளர்த்து எடுக்கறாங்க. அதோட மிச்சம் ஒட்டியிருந்தா சில உடம்புக்கு ஆகாமப் போகலாம். என் சந்தேகம்தான். சோதிச்சுப் பார்த்து டாக்டருங்க பத்திரிகைக்கு எழுதணும். ஒத்துக்கறியா?"

மூன்று நாள், மூன்று பொட்டலம் கேப்ஸ்யூல். ஒன்றில் அந்தத் தூள், மற்ற இரண்டில் சர்க்கரை. எதில் எது என்பது எனக்கும் தெரியாது, மேடத்துக்கும் தெரியாது. ஒட்டிய கவருக்குள் இருக்கும்.

"ஒத்துக்கறேன். ஆனா அந்த கோவர்த்தனன் சார்தான் தெர்மாமீட்டர் வெக்கணும். இல்லன்னா முழுங்க மாட்டேன்."

பொய்க்காரியைக் கையும் களவுமாகப் பிடிக்கும் ஆசையில் அவரும் வந்தார். முதல் நாள் காய்ச்சல் இல்லை. இரண்டாம் நாளும் இல்லை.

"வெங்காயம் தீந்துபோச்சா?" என்றார்.

மூன்றாம் நாள் ஃபேக்டரிக்கு விடுமுறை. வேடிக்கை பார்க்க அந்தப் பெண்களில் பத்துப் பேர் வந்துவிட்டார்கள். மதியம் வரை உடம்பு குளிர்ந்தே கிடந்தது. காய்ச்சல் வராமலே போய்விட்டால் என்ற பயத்தில் முந்தானை முடிச்சில் ஒரு சின்ன வெங்காயம் வைத்திருந்தேன். பாத்ரூமில் போய் அதைக் கையில் எடுத்தேன். வைத்தால் அவர் சொன்னது உண்மையாகிவிடும். அந்த ஆள் ஜெயிக்கவா நான் இத்தனை பாடுபட்டேன்? சாக்கடையில் வீசினேன்.

மூன்று மணிக்கு மணிக்கட்டு வலித்தது. வலி வந்து அவ்வளவு சந்தோஷப்பட்டவள் நானாகத்தான் இருப்பேன். நான்கு மணிக்கு கோவர்த்தனனே அக்குளில் தெர்மாமீட்டர் வைத்து, கோவர்த்தனனே எடுத்துப் படித்தார். நூற்றிரண்டு. மேடம் கவரைப் பிரித்தார். மூன்றாம் நாள், சிட்ரிக் ஆசிட்.

"ஒருத்திக்கு வந்ததை வெச்சு எல்லாருக்கும் வரும்னு எழுத முடியாது. ஆனா இவ பொய் சொல்லல" என்றார் மேடம்.

"தெர்மாமீட்டர் கெட்டுப்போயிருக்கும் மேடம்."

"அப்ப உங்களுக்கு வெச்சுப் பாத்துடலாமே."

கோவர்த்தனன் சட்டைப் பொத்தானைக் கழற்றினார். பத்துப் பெண்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் காய்ச்சலோடு எழுந்து பக்கத்தில் போய் நின்றேன்.

"கைய நல்லாத் தூக்குங்க சார்."

தூக்கினார். குனிந்து பார்த்தேன், அவசரமே இல்லாமல். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்:

"எங்கயோ போட்டுட்டாரு."