பூட்டியாச்சு

தனசேகரன் மேஸ்திரியின் ரூட்டர் மிஷினுக்கு மோட்டார் ஒன்று, பேஸ் இரண்டு. மோட்டாரை எந்தப் பேஸில் செருகுகிறோமோ அந்த வேலையை அது செய்யும். ஒரு பேஸ் வைத்த ஆழத்தில் அப்படியே நிற்கும். கதவின் ஓரமாக ஓட்டிக்கொண்டு போனால் விளிம்பில் வளைவு விழும். இன்னொன்றுக்கு இரண்டு பக்கமும் ஸ்பிரிங். கைப்பிடியை அமுக்கினால் மோட்டாரோடு கீழே இறங்கிப் பலகையின் நடுவிலேயே குடையும். கையைத் தளர்த்தினால் எழுந்துகொள்ளும். பெட்டியின் மேல் இங்கிலீஷில் ஏதோ பெயர் போட்டிருந்தது. சந்தவாசல் பட்டறையில் முதலாவதற்கு நிக்கிற பேஸ் என்றும் இரண்டாவதற்குக் குந்துற பேஸ் என்றும்தான் பெயர்.

நிக்கிற பேஸ் ஜீவானந்தத்தின் கையில். அவன் சந்தவாசல்காரன், மேஸ்திரியிடம் பதினோரு வருஷம். குந்துற பேஸ் சடையன் கையில். அவன் நெல்லிவாசல்நாட்டிலிருந்து மலை இறங்கி வந்து மூன்று வருஷம்.

மோட்டார் ஒன்றே என்பதால் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கை மாறும். அதற்கு மேஸ்திரி ஒரு சட்டம் வைத்திருந்தார். வேலை முடித்தவன் மோட்டாரை உருவி, அடுத்தவனுடைய பேஸில் தானே செருகி, கிளிப்பை மூடி, "பூட்டியாச்சு" என்று வாய்விட்டுச் சொல்லித்தான் கொடுக்க வேண்டும். ஒருமுறை வெறும் மோட்டாராகக் கைமாற்றும்போது கீழே விழுந்து கோணிப்போனதிலிருந்து வந்த சட்டம் அது. வாங்குகிறவன் கிளிப்பைத் திரும்ப இழுத்துப் பார்க்கக் கூடாது என்று மேஸ்திரி சொல்லவில்லை. அது தானாக வந்த வழக்கம். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் சடையன் அப்படி இழுத்துப் பார்த்தான். "இன்னாடா, என் கைய நம்பலயா?" என்று ஜீவானந்தம் கேட்டான், கேட்டுவிட்டு இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. அதற்குப் பிறகு சடையன் இழுத்துப் பார்த்ததே இல்லை.

தசரதன் புது வீடு கட்டி, தலைவாசல் கதவுக்கு மேஸ்திரியைக் கூப்பிட்டான். தசரதன் சடையனின் மச்சான்; மனைவி பாஞ்சாலைக்கு அண்ணன். காற்றில் சாய்ந்த பலா ஒன்றை அறுத்து மூன்று வருஷம் ஆறப்போட்டு வைத்திருந்தான். அந்த அகலத்தில் பலகை ஒரு கதவுக்குத்தான் தேறியது. கீழே கொண்டுபோனால் ஜீப்பில் விரிசல் விட்டுவிடும் என்று பயந்து, மேஸ்திரியையும் ஆட்களையும் மிஷினோடு மேலே வரச் சொன்னான். வியாழக்கிழமை குடிபுகல்.

ஜீப் மலை ஏறும்போதே மேஸ்திரி பேச்சை எடுத்தார்.

"போளூர் மண்டபத்துல இருபத்திநாலு கதவு. அவங்க குடுத்த இடத்துல மூணு பேரு நிக்க முடியாது. மிஷினுக்கு ஒரு ஆளுதான். ரெண்டு பேஸையும் அவனே ஓட்டணும்."

"இன்னொருத்தன் மேஸ்திரி?" என்றான் சடையன்.

"இன்னொருத்தனுக்கு இப்போதைக்கு வேல இல்ல. இந்தக் கதவுல பாத்து சொல்றேன்."

சடையன் தலையாட்டினான். ஜீவானந்தம் வெளியே பார்த்தபடி வந்தான். அவன் மனதுக்குள் கணக்குப் போட எதுவும் இல்லை. நிக்கிற பேஸைச் சடையன் எப்போதோ கற்றுக்கொண்டுவிட்டான். குந்துற பேஸை ஜீவானந்தம் அமுக்கினால் கோடு ஆடும்.

மூன்று நாளும் அவர்கள் தங்கியது சடையன் வீட்டில். பாஞ்சாலை காலையில் கேழ்வரகுக் கூழும் மதியம் சாமைச் சோறும் போட்டாள். "மிஷினு வேல கெடச்சதுலேர்ந்து இவரு அந்த ஏஜெண்டு வண்டிப் பக்கம் திரும்பிக்கூட பாக்கறதில்லண்ணா" என்று ஜீவானந்தத்திடம் சொன்னாள். ஏஜெண்டு வண்டி என்றால் ஆந்திரக் காட்டுக்குத் திருட்டுச் செம்மரம் வெட்ட ஆள் ஏற்றிப் போவது. போனவர்களில் சிலர் ஜெயிலில் இருந்தார்கள். சிலரைப் பற்றி ஊரில் யாரும் பேசுவதில்லை. "நீங்கதான் அவருக்கு கூடப் பொறந்தவரு மாதிரி" என்று சொல்லி இன்னொரு கரண்டி வைத்தாள். ஜீவானந்தம் வேண்டாம் என்று சொல்லவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் அவன் ஒரு துண்டுப் பலகையில் குந்துற பேஸை வைத்துப் பழகிப் பார்த்தான். கோடு நண்டு ஊர்ந்த மாதிரி வந்தது. சடையன் பக்கத்தில் வந்து குந்தினான்.

"மூச்ச வுட்டுக்கினே அமுக்குங்கண்ணா. புடிச்சிக்கினு அமுக்குனா கை ஆடும்."

"எனக்குத் தெரியும், போடா."

"போளூருக்கு நீங்க போனாலும் எனக்கு சந்தோஷம்தாண்ணா."

அவன் அதை நிஜமாகவே சொன்னான். அதுதான் ஜீவானந்தத்துக்குப் பொறுக்கவில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம்.

செவ்வாய்க்கிழமைக்குள் கதவு முக்கால்வாசி முடிந்துவிட்டது. எட்டு நூல், அதாவது ஒரு அங்குலம், கனமுள்ள பலகை. பின்பக்கம் இரண்டு நூல் ஆழத்துக்குக் கொடி ஓடியிருந்தது. முன்பக்கம் மூன்று நூல் ஆழத்துக்குக் குத்துவிளக்கு. ஐந்து சுடரில் நான்கு முடிந்து, நடுச்சுடர் மட்டும் பாக்கி. பார்க்க வந்தவர்கள் ஒவ்வொருவரும் விளக்கைத் தடவினார்கள். விளிம்பு வளைவை யாரும் தடவவில்லை.

தசரதன் டீயோடு வந்தான். மேஸ்திரிக்கு ஒரு கிளாஸ் கொடுத்தான். மிச்ச இரண்டையும் ஜீவானந்தத்திடம் நீட்டினான்.

"ஓரம் ஓட்றவரே! ஒண்ணு நீங்க எடுத்துக்குங்க. இன்னொண்ண பூ போட்றவர்கிட்ட குடுத்துடுங்க. எங்க மாப்ள கை பிசியா கீது."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். மேஸ்திரியும் சிரித்தார். ஜீவானந்தமும் சிரித்தபடியே கொண்டுபோய்க் கொடுத்தான்.

பதினொரு மணி இருக்கும். கடைசி ஓரத்தை ஓட்டி முடித்து மோட்டாரை உருவினான். சடையன் கதவின் மேல் குனிந்து தூளை ஊதிக்கொண்டிருந்தான். முதுகு இந்தப் பக்கம். குந்துற பேஸின் கிளிப்பை இறுக்கிப் பிடிப்பது அதன் பின்னால் உள்ள ஒரு சின்ன நட்டு. ஜீவானந்தம் அதைச் சாவியால் இரண்டு சுற்றுத் தளர்த்தினான். மோட்டாரை அடிவரைக்கும் இறக்கவில்லை. நான்கு நூல் மேலேயே நிறுத்திக் கிளிப்பை மூடினான். மூடும்போது டக்கென்று ஒரு சத்தம் வர வேண்டும். வரவில்லை. வந்திருந்தாலும் ஜெனரேட்டர் போட்ட கூச்சலில் கேட்டிருக்காது. ஒட்டியிருந்த தூளின் பிடிப்பில் மோட்டார் அப்படியே நின்றது.

"பூட்டியாச்சு."

"சரிண்ணா" என்று சடையன் வாங்கிக்கொண்டான். இழுத்துப் பார்க்கவில்லை.

மோட்டாரின் முனையில் உள்ள வெட்டும் பிட், பலகையைத் தொடும்வரை மெதுவாக இறக்கினான். அங்கிருந்து மூன்று நூல் கணக்காக ஆழக் கம்பியை வைத்துத் திருகினான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சுவிட்சைப் போட்டான். மூச்சை விட்டுக்கொண்டே அமுக்கினான். சுடரின் இடப்பக்கம் வழுக்கிக்கொண்டு வந்தது. உச்சியில் திரும்பினான். வலப்பக்கம் பாதி வந்தபோது அதிர்ச்சியில் மோட்டார் நழுவியது. சத்தம் மாறியது. பிட் மரத்தைக் கடித்து இழுத்தது. அவன் கையைத் தளர்த்துவதற்குள் நான்கு விரற்கடை தூரத்துக்குப் பலகை பிளந்து, கீழே இருந்த மண் தெரிந்தது.

யாரோ ஜெனரேட்டரை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகுதான் அந்த ஊரில் எவ்வளவு பேர் அங்கே நின்றிருந்தார்கள் என்று ஜீவானந்தத்துக்குத் தெரிந்தது.

"இன்னா மாப்ள இது?" என்றான் தசரதன். கத்தவில்லை.

சடையன் கண்ணாடியைக் கழற்றினான். கண்ணைச் சுற்றி மட்டும் தூள் இல்லாமல் முகம் என்னவோ போலிருந்தது. ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தான். "மச்சான், இதே பலாவுல துண்டு கீது. சுடர் மாதிரியே அறுத்து ஒட்டிடறேன். தெரியவே தெரியாது."

"ஒட்டுப் போட்ட கதவ தலவாசல்ல மாட்டச் சொல்றியா? என் வூட்டுக்கா?"

மேஸ்திரி கதவைச் சுற்றி ஒரு நடை நடந்தார். டீ கிளாஸ் இன்னும் கையில் இருந்தது. "மூணு வருஷம் ஆறப்போட்ட மரம். மூணு நிமிஷத்துல முடிச்சிட்டான். சொந்தக்காரன் வூடுன்னு கவனம் இல்ல. நான் இன்னா சொல்றது, நீங்களே சொல்லுங்க" என்று தசரதனைப் பார்த்துச் சொன்னார்.

சடையன் மிஷினைத் திருப்பிப் பார்த்தான். கிளிப் மூடியிருந்தது. மோட்டார் மட்டும் அடியில் உட்கார்ந்திருந்தது. ஜீவானந்தத்தின் பக்கம் திரும்பினான். பார்வையில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. வழி தெரியாதவன் கேட்கிற மாதிரிக் கேட்டான்.

"ண்ணா, நீங்க பூட்டியாச்சுன்னு சொன்னீங்க இல்ல?"

இப்போதுகூடச் சொல்லியிருக்கலாம். நட்டு கொஞ்சம் தளர்ந்திருந்தது போல, நானும் கவனிக்கவில்லை என்று பாதியாவது சொல்லியிருக்கலாம். பழி இரண்டு பேருக்கும் பிரிந்திருக்கும்.

"சொன்னேன். இன்னா, என் கைய நம்பலயா?"

சடையன் தலையைக் குனிந்துகொண்டான். "இல்லண்ணா. நான்தான் எங்கயோ இடிச்சிருப்பேன்."

தசரதன் தீர்ப்பைச் சொன்னான். கதவை வீணாக்க வேண்டாம், ஆட்டுக்கொட்டாய்க்கு மாட்டிவிடலாம். மாட்ட வேண்டியவன் ஓட்டை போட்டவன். மாட்டி முடித்த பிறகு வியாழக்கிழமை குடிபுகலுக்கு அவன் வர வேண்டியதில்லை. பாஞ்சாலை மட்டும் வந்தால் போதும்.

கொட்டாயின் வாசல் உயரம் குறைவு. சடையன் கை ரம்பத்தை எடுத்து விளக்கின் பாதத்தோடு சேர்த்து ஒன்றரை அடியை அறுத்து எடுத்தான். ஊரே நின்று பார்த்தது. அவன் அவசரப்படவில்லை. அளந்து கோடு போட்டு, நேராக அறுத்து, மூன்று கீல் வைத்து, ஒவ்வொரு திருகாணியையும் முழுக்க இறுக்கினான். மூடித் திறந்து உரசுகிறதா என்றுகூடப் பார்த்தான். உள்ளேயிருந்து ஒரு ஆட்டுக்குட்டி நடுச்சுடரின் ஓட்டையில் மூக்கை நீட்டியது. சிரிப்பு எழுந்தது. தசரதன்தான் முதலில் சிரித்தான்.

"மாப்ள, வெளக்கு எரியுது பாரு!"

மதியம் சடையன் சாப்பிட வரவில்லை. பாஞ்சாலை ஜீவானந்தத்துக்கு இலை போட்டாள். அழுது முடித்த முகம்.

"நீங்க சாப்புடுங்கண்ணா. தப்பு அவரு மேல. நீங்க ஏன் பட்டினி கெடக்கணும்."

அவரைக்கொட்டைக் குழம்பு. அவனுக்கு நல்ல பசி. இரண்டாம் முறையும் சோறு வாங்கிச் சாப்பிட்டான்.

மறுநாள் காலை ஜீப் இறங்கும்போது பின்சீட்டில் மேஸ்திரியும் அவனும் மட்டும். நடுவில் மிஷின் பெட்டி. கொண்டை ஊசி வளைவு ஒன்றில் ஜீப் சாய்ந்தபோது பெட்டியைப் பிடித்துக்கொண்டே மேஸ்திரி சொன்னார்:

"ரெண்டு சுத்து தளத்தினே இல்ல?"

ஜீவானந்தம் பெட்டியின் மூடியைப் பார்த்தான்.

"டீ குடிச்சிக்கினே பாத்துக்கினு இருந்தேன். எனக்கு எதுத்தாப்பலதானடா நின்னே."

"பாத்தா... ஏன் மேஸ்திரி நிறுத்தல?"

"மலையில அவன நேரா கூப்புட ஆரம்பிச்சிட்டாங்க. போன மாசம் ரெண்டு வூட்டுல எங்கிட்ட கேக்காம அவங்கிட்ட கதவு வெல கேட்டாங்க. இன்னும் ஒரு வருஷம் வுட்டா தனியா மிஷினு வாங்கிப்பான். நான் துரத்துனா பாவம்னு பேசுவாங்க." அவர் ஜீவானந்தத்தின் தொடையில் தட்டினார். "நீ நல்ல ஆளுடா. எனக்கு வேல வெக்கல."

அதற்குப் பிறகு சந்தவாசல் வரைக்கும் அவர் தூங்கிக்கொண்டு வந்தார்.

போளூர் மண்டபத்தில் வேலை தொடங்கிய எட்டாம் நாள் மலையிலிருந்து செய்தி வந்தது. சடையன் ஏஜெண்டு வண்டியில் ஏறிவிட்டான். போன் ஆஃப். ஜீவானந்தம் அன்று நிக்கிற பேஸில் ஓரம் ஓட்டி முடித்து, மோட்டாரை உருவி, குந்துற பேஸை எடுக்கக் கையை நீட்டினான். மேஸ்திரி அதை முதல் நாள் போலவே அன்றும் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

"குடு. நான் பூட்டித் தர்றேன். ஒருத்தனே ரெண்டையும் பாத்தா கவனம் செதறும்."

முதல் நாள் ஒரு கழிவுப் பலகையில் அப்படித்தான் கொடுத்தார். அமுக்கியதும் மோட்டார் நழுவிப் பிட் பலகையைத் துளைத்து, ஜீவானந்தத்தின் பூட்ஸ் இல்லாத காலுக்கு ஒரு சாண் தள்ளி வெளியே வந்தது. மேஸ்திரி விழுந்து விழுந்து சிரித்தார். "சும்மா பாத்தேன்டா, கவனமா கீறியான்னு." அதற்கப்புறம் ஆறு நாள் அவர் சரியாகத்தான் பூட்டினார். சரியாகப் பூட்டினார் என்பது ஒவ்வொரு நாளும் வேலை முடிந்த பிறகுதான் தெரிந்தது.

இன்று பலகை தேக்கு. மண்டபத்து முதலாளியின் பூஜை அறைக் கதவு. முதலாளியே வந்து நின்றிருந்தார்.

மேஸ்திரி மோட்டாரைச் செருகினார். கிளிப்பை மூடினார். வெளியே லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. டக்கென்று கேட்டதா இல்லையா என்று ஜீவானந்தத்துக்குப் பிடிபடவில்லை.

"பூட்டியாச்சு."

வாங்கிக்கொண்டான். அவன் விரல் தானாகக் கிளிப்பின் பக்கம் போனது.

"இன்னாடா," என்றார் மேஸ்திரி, முதலாளிக்கும் கேட்கிற மாதிரி. "என் கைய நம்பலயா?"

விரலை எடுத்துவிட்டான். மிஷினைப் பலகை மேல் வைத்தான். மேஸ்திரி ஒரு நாற்காலியை எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்து, டீ கிளாஸைக் கையில் எடுத்துக்கொண்டார். ஜீவானந்தம் சுவிட்சைப் போட்டான். மூச்சைப் பிடித்துக்கொண்டு அமுக்கினான்.